கனடாவில் கோ-ஆப் வீடும் அரசாங்க வீடும் ஒன்றுதானா?

இல்லை. கோ-ஆப் என்றால் கூட்டுறவு வீடு. நீங்கள் புதிதாக வந்து ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பேஸ்மென்ட் வாடகையோடு மல்லுக்கட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் அரசாங்க வீடு என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் மாநகரசபைக்குச் சொந்தமான கட்டடங்களை. அங்கே பெரும்பாலானவர்களுக்கு வாடகை வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் இலாபநோக்கற்ற வீடுகள் வேறு. கோ-ஆப் இரண்டிலும் சேராது. குடியிருப்பவர்களே அங்கத்தவர்கள், ஆளுக்கு ஒரு வோட்டு, போர்டையும், அதாவது நிர்வாகக் குழுவையும், நாங்களே தெரிவு செய்கிறோம்.

நான் பிள்ளைகளை வளர்த்தது கோ-ஆப்பில்தான். போர்டில் இருந்தபோது கூரை மாற்ற விலை கேட்டு அலைந்தது, பட்ஜெட் கூட்டத்தில் மாதக் கட்டணத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று இரவு வரை வாதாடியது எல்லாம் நினைவிருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு ஒதுக்கிய காசில் கைவைக்கக் கூடாது என்று ஒரு சோமாலியப் பெண்மணி எழுந்து நின்று பேசி, வோட்டில் வென்றும் காட்டினார். எந்த வாடகை வீட்டில் இது நடக்கும்?

கோ-ஆப்பில் பலர் முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள். ஒரு பகுதியினருக்குத்தான் வருமானத்துக்கு ஏற்ற சலுகை. இது தெரியாமல் "வெல்ஃபெயர் வீடு" என்று கதைக்கிறார்கள். என் மகனுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கேட்டறிந்த பிறகு போனே எடுக்கவில்லை. படித்து நல்ல வேலையில் இருக்கிற பிள்ளை. மோட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்ட இரண்டு வேலை செய்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு மட்டும் மரியாதையா?

சரி, சொந்த வீடு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. கோ-ஆப்பை விட்டுப் போகும்போது விற்றுக் காசு பார்க்க முடியாது, அது உண்மை. யாரும் இலாபம் எடுக்காததால்தான் கட்டணம் குறைவாக இருக்கிறது.

பிரச்சினை, இப்படிப்பட்ட வீடுகள் போதாது. 1995இல் வந்த மைக் ஹாரிஸின் மாகாண அரசு ஒன்ராறியோவில் கட்டவிருந்த கோ-ஆப், இலாபநோக்கற்ற வீட்டுத் திட்டங்களை ரத்து செய்தது. அதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

சலுகை வீடு வேண்டுமென்றால் மாநகரசபையின் பொதுப் பட்டியலில் பதியுங்கள், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முழுக் கட்டணம் கட்ட முடியுமென்றால் ஒவ்வொரு கோ-ஆப்பையும் நேரே கேளுங்கள். பட்டியல் மூடியிருந்தால் எப்போது திறப்பார்கள் என்று விசாரித்து வையுங்கள். நேர்காணலில், எந்தக் குழுவில் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்பார்கள். கணக்குப் பார்க்கவோ தோட்டம் செய்யவோ தெரிந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.