மலை அக்கா பதில்கள்: கூடாரமும் கட்டுச்சோறும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: காட்டில் இரவு தங்குவது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் எழுதுகிறேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எங்கள் பிரெஞ்சுத் தீவு ரீயூனியனில் இப்போது குளிர்காலம் தொடங்குகிறது. மலையில் நடக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அன்புள்ள அக்கா, ஜூலையில் டர்பனிலிருந்து குடும்பத்தோடு உங்கள் தீவுக்கு வருகிறோம். இங்கே டிராக்கன்ஸ்பெர்க் மலையில் இரவு தங்க அனுமதிச் சீட்டு வாங்கிப் பணம் கட்டித்தான் பழக்கம். ரீயூனியனில் காட்டில் கூடாரம் போட ஒரு காசும் வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?
— டர்பன் வாசகர்

நம்பலாம், தம்பி. இங்கே தேசியப் பூங்கா 2007-இல் அமைந்தது. தீவின் நிலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அதன் உள்பகுதிக்குள் வருகிறது. 2010-இல் யுனெஸ்கோ இங்குள்ள சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் காட்டில் நடந்து போகிறவர் இருட்டும் நேரத்தில் சிறு கூடாரம் கட்டிப் படுத்து, காலையில் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம். இதைப் பிரெஞ்சில் பிவுவாக் என்பார்கள். கட்டணம் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் ஒரே இரவுதான். நாற்காலி, மேசை, பெரிய கூடாரம் என்று மூன்று நாள் குடித்தனம் நடத்தினால் அது காம்ப்பிங், அதற்கு அனுமதி கிடையாது. பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும். அதில் 'இங்கே வேண்டாம்' என்று போட்டிருந்தால் வேண்டாம்தான்.

குடும்பத்தோடு முதல் தடவை வருகிறீர்கள் என்பதால் மஃபாத் பள்ளத்தாக்கைச் சொல்வேன். அங்கே சாலையே இல்லை. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். பக்கத்துப் பள்ளத்தாக்கான சலாசியிலிருந்து ஏறி, 'கொல் தே பெ' என்ற கணவாயைக் (பெயருக்கு மாட்டுக் கணவாய் என்று பொருள்) கடந்து இறங்கினால் 'ப்ளேன் தே தமரேன்' வரும். தமரேன் என்றதும் நம் ஆட்கள் புளியமரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் காரைக்காலிலிருந்து வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். இது புளி இல்லை, வேல மர இனம். இந்தத் தீவுக்கே உரிய மரம். புயலில் சாய்ந்து தரையோடு படுத்துவிடும், படுத்த இடத்திலிருந்து மறுபடி கிளை நிமிர்ந்து மேலே போகும். கிளையெல்லாம் வெளிர்பச்சைப் பாசி, தாத்தா தாடி மாதிரி தொங்கும். மூடுபனி வந்தால் அந்தத் தாடி நுனியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும்.

என் முதல் இரவு அந்த மரங்களுக்கு அடியில்தான். புல் மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு சின்னப் பள்ளத்தில் கூடாரத்தை அடித்தேன். பத்து மணிக்கு மழை. பதினொரு மணிக்கு முதுகு குளிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தால் விரிப்புக்குக் கீழே தண்ணீர் தளதளவென்று அசைகிறது. கொண்டு போனது பருத்திப் போர்வை, அது நனைந்தால் விடியும்வரை காயாது. மீதி இரவை மழைக்கோட்டுக்குள் உட்கார்ந்தே கழித்தேன். காலையில் கூடாரத்துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஜிப்பைத் திறந்தால் ஒரு பசு. அங்கே மாடுகள் காட்டில் மேயும்.

அதிலிருந்து இரண்டு பழக்கம் வந்தது. கூடாரம் போடும் முன் அந்த இடத்தில் மல்லாந்து படுத்துப் பார்ப்பேன். தலைப்பக்கம் லேசாக மேடாக இருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று உடம்பே சொல்லிவிடும். பருத்தியை வீட்டில் விட்டுவிட்டுக் கம்பளியோ செயற்கை இழையோ எடுப்பேன். ஜூலையில் உயரத்தில் நல்ல குளிர். தீவிலேயே உயரமான பித்தோன் தெ நேஜ் 3,000 மீட்டரைத் தாண்டியது, அதன் தலையில் உறைபனி படியும் இரவுகளும் உண்டு.

இன்னொன்று நேரம். நம் ஆட்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இங்கே ஜூலையில் ஆறு மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்பே சூரியன் மலைச்சுவருக்குப் பின்னால் போய்விடும், வெளிச்சம் இருந்தாலும் சூடு இருக்காது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் மூன்று மணிக்காவது இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். கூடாரத்தைப் பிறகு கட்டலாம். குளிர் தாங்காது என்று தோன்றினால் லா நுவெல், மார்லா போன்ற இலேக்களில் காசு கொடுத்துத் தங்கும் ஜீத் விடுதி உண்டு. இலே என்பது மஃபாத்தில் தட்டையான நிலத்தில் அமைந்த சிற்றூர். ஜீத்தில் இடம் வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அக்கா, நான் சென் தெனியில் படிக்கிறேன். தோழிகளோடு மஃபாத்தில் இருக்கும் த்ருவா ரோஷ் அருவிக்குப் போய் இரவு தங்க ஆசை. அம்மா புதுச்சேரிக்காரர். பாம்பு கடிக்கும், பேய் அடிக்கும் என்று விடமாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
— சென் தெனி வாசகி

இந்தப் பக்கத்தை அப்படியே அம்மாவிடம் காட்டு, மகளே.

அம்மா, இந்தத் தீவில் விஷப்பாம்பு இல்லை. புலி, சிறுத்தை, கரடி, யானை எதுவும் இல்லை. இரவில் கூடாரத்தைச் சுற்றி ஓடுவது எலி. சாப்பாட்டை இறுக மூடும் டப்பாவில் வைத்தால் அதுவும் போய்விடும். பேய் பற்றி: மஃபாத் என்பதே தப்பி ஓடிய அடிமைகளின் தலைவர் ஒருவருடைய பெயர். கரும்பும் காப்பியும் விளைந்த தோட்டங்களிலிருந்து ஓடியவர்கள் அந்த மலைக்குள்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களை வேட்டையாடத் துப்பாக்கியோடு ஆள் அனுப்பினார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு அதே கரும்பு வேலைக்குத்தான் நம் தமிழ்ச் சனங்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். நான் அங்கே படுக்கும்போது அந்த மனிதர்களை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். பயம் வந்ததில்லை.

பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. த்ருவா ரோஷ் மார்லாவுக்குக் கீழே, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் தூரம். ஆறு வழவழப்பான கற்பாளங்கள் மேல் பரவி வந்து திடீரென்று ஒரு குறுகிய பிளவுக்குள் விழுகிறது. கல்லின் மேல் உட்கார்ந்தால் கீழே ஓசை மட்டும் கேட்கும், தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாது. எட்டிப் பார்க்கத்தான் ஆசை வரும். விளிம்புக்குப் போகவே கூடாது, ஈரக்கல் எண்ணெய் பூசினது மாதிரி வழுக்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நின்று எடு. கூடாரத்தை ஆற்றுப் படுகையில் போடாமல் கரைக்கு மேலே மரங்கள் இருக்கும் இடத்தில் போடு. நீ இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே பெய்த மழை ராத்திரி இறங்கி வரும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்த ஆற்றங்கரையைக் கேட்காதே. அது புயல் காலம். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பக்கத்தில் கொமெர்சோன் என்ற இடத்தில் மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர் பெய்தது. மூன்று நாள் மழையில் அது உலகச் சாதனை. எங்கள் காரைக்காலில் இரண்டு வருஷம் பெய்தாலும் அவ்வளவு வராது.

சரி, எந்தப் பாதை, எந்த நாள், எங்கே படுக்கை, எப்போது திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போ. பள்ளத்தாக்குக்குள் போன் பல இடங்களில் எடுக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு. இல்லையென்றால் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்.

ஏரிக்கரையில் தங்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. கிரான் தேத்தான் ஏரி சரிப்படுமா?
— லெ போர் வாசகி

மலைக்குள் நல்ல ஏரி என்றால் இங்கே அது ஒன்றுதான். ஆனால் கரையில் படுக்க நான் சொல்ல மாட்டேன். அதன் மட்டம் மழைக்கு மழை ஏறி இறங்கும். இன்று புல்தரையாகத் தெரிவது நாலு நாளில் ஏரிக்குள் இருக்கும். தரையும் எப்போதும் சேறு. காலையில் போய் ஏரியைச் சுற்றி நடந்து, அருவியைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புங்கள். ஜூனில் போனால் வழியெல்லாம் சின்னச் சிவப்புக் கொய்யா பழுத்திருக்கும். அது வெளியிலிருந்து வந்து காட்டை நெருக்கும் செடி. மனம் உறுத்தாமல் பறித்துத் தின்னலாம்.

சமைக்காமல் இரண்டு நாள் என்ன சாப்பிடுவது? தண்ணீர் எங்கே கிடைக்கும்? நாங்கள் சுத்த சைவம்.
— புதுச்சேரி வாசகர்

நம் பாட்டிகள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் திருவிழாவுக்குப் போனார்களே, அவர்களுக்குத் தெரியாத மலைச் சாப்பாடா? நான் அடுப்பே கொண்டு போவதில்லை. எடையும் குறையும், நெருப்புக் கவலையும் இல்லை.

முதல் நாள் புளியோதரை. சோற்றை உதிரியாக வடித்துத் தட்டில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்து ஊசிப்போகும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்க விட வேண்டும், நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், வெங்காயம் வேண்டாம். குளிர்காலத்தில் மறுநாள் காலைக்கும் தாங்கும். அதற்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாம் நாளுக்கு அவலும் வெல்லமும் வேர்க்கடலையும். அவலைத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் மூடி வைத்தால் போதும். மிளகாய்ப்பொடி ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள், குளிரில் அதன் அருமை தெரியும். அப்புறம் ஆளுக்கு நாலு வாழைப்பழம், தோலைத் திருப்பி எடுத்து வர ஒரு பை. மஃபாத்தில் வாழும் சனங்களின் குப்பையே ஹெலிகாப்டரில்தான் வெளியே போகிறது. அவர்கள் தலையில் நம் தோலையும் பிளாஸ்டிக்கையும் ஏற்றிவிட்டு வருவது எனக்குப் பொறுக்காது. புதரில் திணித்து வைத்த பைகளைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

தண்ணீருக்கு வருகிறேன். இலேக்களில் குழாய் இருக்கும், அங்கே 'குடிக்கலாமா' என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். வடிகட்டியோ மாத்திரையோ கையில் இருக்கட்டும். இந்தத் தீவில் எலிக்காய்ச்சல் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே போய்விடும். புண் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு நடங்கள், தேங்கின குட்டையில் காலை விடாதீர்கள். திரும்பிப் போன பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், புதுச்சேரி மருத்துவரிடம் 'ரீயூனியன் மலையில் ஓடையில் நடந்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் டெங்கு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகும்.

கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் விட்டதையும் சொல்கிறேன். காலைக்கடனுக்குத் தண்ணீரிலிருந்து எழுபது, எண்பது தப்படி தள்ளிப் போங்கள், பாதையிலிருந்தும் தள்ளி. ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிடுங்கள். காகிதத்தை மட்டும் பையில் திருப்பி எடுத்து வாருங்கள்.

அக்கா, இந்த வருஷம் கார்த்திகைத் தீபத்தை மலையில் கொண்டாடலாம் என்று நாலு குடும்பம் பேசியிருக்கிறோம். கூடாரத்தைச் சுற்றி அகல் விளக்கு மட்டும்தான், விறகு எரிக்க மாட்டோம். தவறா?
— செந்தாந்த்ரே வாசகர்

உங்கள் மனசு புரிகிறது, ஆனால் வேண்டாம். காட்டில் நெருப்பு, அமைத்துக் கொடுத்த அடுப்பிடங்களைத் தவிர வேறெங்கும் கூடாது. அகல் சின்னதுதான். ஆனால் கார்த்திகை வரும் நேரத்தில் மேற்குச் சரிவு மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கும். அந்தச் சரிவில் மாயிதோ மலைப் பக்கத்தில் 2010-இல் காடு எரிந்தது. மறு வருஷமும் எரிந்தது. 2020 நவம்பரில் மறுபடியும். நான் 2011 தீக்குப் பிறகு அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன். தமரேன் மரங்கள் கரிக்கட்டையாக நின்றன, கை வைத்தால் உள்ளங்கை கறுத்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

கற்பூரமும் வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம். சாமியை வாயால் பாடுங்கள்.

அதோடு அந்த உயரத்தில் இருட்டுக்கும் உரிமைக்காரர்கள் உண்டு. பாரோ பெட்ரல் என்ற கடற்பறவை இந்தத் தீவில் மட்டும், 2,000 மீட்டருக்கும் மேலே மண்ணில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. ஏப்ரலில் குஞ்சுகள் முதல்முறை கடலுக்குப் பறக்கும்போது கரையோர ஊர்களின் விளக்கைப் பார்த்து மயங்கித் தெருவில் விழும். அந்த நாட்களில் இங்கே பல ஊர்களில் தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள். உங்கள் வாசலில் அப்படி ஒன்று விழுந்து கிடந்தால் அட்டைப்பெட்டியில் வைத்துப் பறவை மீட்பவர்களைக் கூப்பிடுங்கள்.

ஒரு கார்த்திகைக்கு நான் மார்லாவுக்கு மேலே இருந்தேன். வீட்டில் விளக்கேற்ற முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. கிழக்குச் சுவர் உயரம் என்பதால் நிலா தெரிய எட்டு மணி ஆயிற்று. முதலில் எதிர்ச் சுவரின் உச்சி மட்டும் வெள்ளையானது. அந்த வெள்ளைக் கோடு மெல்ல மெல்லப் பாறை வழியாக இறங்கி, மரங்களுக்கு வந்து, கடைசியில் என் கூடாரத்துக்கு வந்தது. கார்த்திகை பௌர்ணமிதானே! டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டேன், காலைவரை எடுக்கவில்லை.

நாலு குடும்பமும் போங்கள். சாயங்காலம் வீட்டு வாசலில் ஏற்ற யாராவது ஒருவர் இருக்கட்டும். கிளம்புகிற அன்று காலையில் புயல் எச்சரிக்கை, தீ எச்சரிக்கை இரண்டையும் பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் பொரி உருண்டையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், நானும் செந்தாந்த்ரேதான்.