யார் வாங்குவார்கள் இந்தப் படத்தை?

அன்புள்ள அம்மா,

மகளுக்கு பி.காம். இடம் தயாராக இருக்கிறது, அவளோ ஓவியக் கல்லூரிதான் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதிலும் சாமி படம், இயற்கைக் காட்சி என்று வரையாமல் தூய்மைப் பணியாளர்களை வரைகிறாள், யார் வாங்குவார்கள் என்பது உங்கள் கவலை.

நீங்கள் அனுப்பிய படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், உங்கள் தெருவைப் பெருக்குகிற அக்கா. மகள் அவரைப் பரிதாபமாக வரையவில்லை. நிமிர்ந்து நம்மையே பார்க்கிறார். மூக்குத்தியில் ஒரு புள்ளி வெளிச்சம். வலது கை மட்டும் இன்னும் வரைந்து முடியவில்லை. விரல்களை அழித்து அழித்து வரைந்த தடம் தெரிகிறது. படத்தின் பின்னால் அவர் பெயரை எழுதி, "கேட்டுத்தான் வரைந்தேன்" என்றும் குறித்திருக்கிறாள். இந்த வயதில் இப்படிக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

இந்த வழியில் முன்னே போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஷெட்டர்லி என்பவர் 2002-ல் தொடங்கி, அநீதியை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களை இருநூறுக்கும் மேல் வரைந்திருக்கிறார். மரப்பலகையில்தான் வரைவார்; அவரவர் சொன்ன வார்த்தையை அந்தப் பலகையிலேயே கீறி எழுதுவார். படங்களை விற்பதில்லை, அவை பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் பயணம் போகின்றன. புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவர் அவர். இதை உங்கள் மகளும் கவனிக்கட்டும்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்த முகங்களை ஒருநாள் அவளோடு போய்ப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களும் அதில் உண்டு. யாருக்குத் தொற்று என்று முகத்தைப் பார்த்து உங்களால் சொல்லவே முடியாது.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டப்படிப்பு நான்கு வருடம். பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதாது, கைவேலையையும் சோதிப்பார்கள். அதனால் செல்போன் புகைப்படத்தைப் பார்த்து வரைவதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், ஆளை எதிரே வைத்து தினமும் வரையட்டும்.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் சில வருடம் ஒழுங்காக வராது. முகம் வரையத் தெரிந்தவர்களுக்குப் பத்திரிகை, விளம்பரம், அனிமேஷன், சுவரோவியம், பள்ளி ஓவிய வகுப்பு என்று வேலை உண்டு. கல்லூரியில் ஓவியப் பிரிவையும் காட்சித் தொடர்பு வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்) பிரிவையும் அவள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பின்னதில் வேலைக்கு வழி கொஞ்சம் அகலம். மனசுக்கு நெருக்கமான படங்களை அந்தச் சம்பளத்தில் வரையலாம். பி.காம். விண்ணப்பத்தையும் கையில் வைத்திருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் நுழைவுத் தேர்வு எழுதவிடாமல் தடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தக் கையை முடித்ததும் படத்தை முதலில் அந்த அக்காவிடம் காட்டச் சொல்லுங்கள். அப்போது நீங்களும் கூடப் போங்கள்.