கோட்டின் நீளத்தை அளக்க முடியுமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வில் ஸ்கேல் வைத்து அளந்து, ‘ஏபி என்ற கோட்டின் நீளம் 6 செ.மீ.’ என்று எழுதினாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். அளவு சரிதானே? ‘புள்ளி என்றால் என்ன?’ என்பதற்கும் கைடுக்குக் கைடு வேறு விடை இருக்கிறது. எதை மனப்பாடம் செய்யச் சொல்வது?

பதில்: அளவு சரி, சொல்தான் தவறு. வடிவியலில் கோடு என்பது இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருப்பது. முனையே இல்லாத ஒன்றில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது? உங்கள் மகள் அளந்தது அந்தக் கோட்டில் ஏ முதல் பி வரை உள்ள பகுதியை. அதற்குப் பெயர் கோட்டுத்துண்டு. அதைத்தான் அளக்க முடியும்.

ஆனால் குழந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘6 செ.மீ.க்கு ஒரு கோடு போடு’ என்றுதான் வகுப்பிலேயே சொல்கிறார்கள். சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பேச்சு, திருத்தும்போது வேறு பேச்சு என்றால் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? இத்தனைக்கும், கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நேர்கோடு என்று சொன்னதே பெரும்பாலும் முனைகள் உள்ள துண்டைத்தான். அதை வேண்டிய மட்டும் நீட்டலாம் என்பதைத் தனி விதியாகவே வைத்தார். இன்றைய பாடத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் என்பதால், விடைத்தாளில் ‘கோட்டுத்துண்டு’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து அவள் தடுக்கி விழப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏபி என்றாலும் பிஏ என்றாலும் கோடு ஒன்றுதான், கோட்டுத்துண்டும் ஒன்றுதான். கதிர் மட்டும் அப்படி இல்லை. கதிர் ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே பக்கமாக முடிவில்லாமல் போகும். தொடங்கும் புள்ளியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏபி என்ற கதிர் ஏ-யில் கிளம்பி பி வழியாகப் போகிறது. பிஏ என்ற கதிர் பி-யில் கிளம்பி எதிர்த்திசையில் போகிறது. ஏ-க்கும் பி-க்கும் நடுவிலுள்ள துண்டு மட்டும் இரண்டுக்கும் பொது. அப்புறம், ஏபி என்ற கதிரிலேயே பி-யைத் தாண்டி சி என்று ஒரு புள்ளி இருந்தால், ஏபி என்ற கதிரும் ஏசி என்ற கதிரும் ஒன்றுதான். துண்டுகளாக எடுத்தால் ஏபி வேறு, ஏசி வேறு. இதைச் சொல்லாமல் ‘எழுத்தை மாற்றினால் தவறு’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் குறிப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, புள்ளிக்கு வருவோம். எந்தக் கைடையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ‘பகுதி இல்லாதது புள்ளி’ என்று யூக்ளிட் சொல்லிப் பார்த்தார். 1899-இல் ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட், புள்ளி, கோடு, தளம் மூன்றுக்கும் வரையறையே சொல்லாமல், அவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை மட்டும் விதிகளாக வைத்தார். வெவ்வேறான இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு கோடுதான் போகும் என்பது அப்படி ஒரு விதி. கணித மேதையே வரையறுக்காமல் விட்டதற்கு ஒரு மார்க் வரையறை கேட்கிறது தேர்வு. அந்த ஒரு மார்க்கைக் காட்டித்தான் கைடு விற்கிறார்கள். குறிப்பாக, ‘புள்ளி என்பது மிகச் சிறிய வட்டம்’ என்று போட்டிருக்கும் கைடை இன்றே தூக்கிப் போடுங்கள். வட்டத்துக்கு ஆரம் உண்டு, மையம் உண்டு. அந்த மையமே ஒரு புள்ளிதான். பென்சிலால் வைக்கும் பொட்டு, புள்ளி இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

தேர்வில் கேட்டால், ‘இருக்கும் இடத்தை மட்டும் குறிப்பது புள்ளி, அதற்கு நீளம், அகலம், தடிமன் இல்லை’ என்று எழுதினால் போதும். அந்த 6 செ.மீ. விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரை ஒருமுறை பாருங்கள். சொல்லுக்கு மார்க் குறைக்கட்டும். சரியாக அளந்ததற்கு உரிய மார்க்கைக் கேட்டு வாங்குங்கள்.