கலுபிலே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீங்களும் உங்கள் மனைவியும் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் சுற்றியதைப் பற்றி எழுதியவற்றைப் படித்துவிட்டுத்தான் எங்கள் இருபத்தைந்தாம் திருமண நாளுக்கு அங்கே போனோம். பிப்ரவரியில் எட்டு நாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம்தான். எரிமலைக்குப் போனோம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மாயிதோ என்ற மலைமுனையிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்றார்கள். அங்கேயும் வெறும் மேகம். காருக்குள் நானும் அவரும் போட்ட சண்டைதான் மிச்சம். உங்கள் கட்டுரைகளில் நீங்கள் இருவரும் சண்டையே போடுவதில்லையே, அது எப்படி?

சேன்-ஆந்த்ரே பக்கம் கரும்புக்கு நடுவில் ஒரு சின்னக் கோயிலுக்குப் போனோம். பூசாரியிடம் தமிழில் பேசினேன். சிரித்துவிட்டுப் பிரெஞ்சில் பதில் சொன்னார். ஆனால் ஒரு பழைய நோட்டைப் பார்த்துத் தமிழ்ப் பாட்டுப் பாடினார். அர்த்தம் கேட்டால் தோளைக் குலுக்கினார். அப்புறம் ஆடு வெட்டினார்கள். மதியம் அதையே குழம்பு வைத்து இலையில் பரிமாறினார்கள். நாங்கள் சைவம், எழுந்து வந்துவிட்டோம். வழியெல்லாம் யாரோ ஒரு கிறிஸ்தவப் புனிதருக்குச் சிவப்புக் கூண்டு, அதிலும் நம்மவர்கள் பூ வைக்கிறார்கள். இதில் எது நம்முடையது? நாங்கள் எதைப் பார்க்கத் தவறினோம்?

பின்குறிப்பு: விமான நிலையத்தில் வாங்கிய வனிலா காய்கள் ஐந்து டப்பாவில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரி,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன்.

முதலில் சண்டை. நாங்களும் போடுகிறோம். கட்டுரையில் எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் பாதையை இங்கே நானூறு வளைவுச் சாலை என்பார்கள். முதல் முறை போனபோது பாதி வழியிலேயே என் மனைவிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் வண்டியை நிறுத்தாமல், இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சு இல்லை. நான் தனியாக பிதோன் தெ நேழ் ஏறப் போனேன். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரம், 3,070 மீட்டர். இரவு குடிலில் படுத்து, இருட்டிலேயே எழுந்து ஏறிச் சூரிய உதயம் பார்த்தேன். கீழே வந்தபோது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் விடுதிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டியோடு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிலாவோஸ் பருப்பு, சின்னதாக, பழுப்பாக இருக்கும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அவளுக்குப் பிரெஞ்சு அரைகுறை, அந்த அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் முறத்தைப் புடைக்கும் கைக்கு மொழி எதற்கு? சிலாவோஸ் என்ற பெயர் மடகாஸ்கர் மொழியிலிருந்து வந்தது, விட்டுப் போகாத இடம் என்று பொருள், தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த அடிமைகள் ஒளிந்த மலை இது என்பதை எனக்குச் சொன்னவள் அவள்தான். நான் சிகரத்தில் எடுத்த படங்களை அவள் இன்றுவரை முழுதாகப் பார்க்கவில்லை.

மேகத்துக்கு வருகிறேன். பிப்ரவரி புயல் மாதம். அந்தச் சமயத்தில் வரச் சொல்லி நான் எங்கேயாவது எழுதியிருந்தால் மன்னியுங்கள். இந்தத் தீவின் மழை சாதாரண மழை இல்லை. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது, அது உலக சாதனை. உங்கள் கோவையில் இரண்டு வருடம் சேர்ந்தாலும் அவ்வளவு பெய்யாது. மழையில்லாத மாதங்களிலும் மாயிதோவில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் மேகம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து மூடிவிடும். விடியும்போது அங்கே நிற்க வேண்டும், கையில் ஸ்வெட்டரோடு.

இப்போது கோயில். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது அந்த நோட்டுதான்.

1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் கரும்பு வெட்டத் திரும்பி வரவில்லை. முதலாளிகள் ஆளுக்கு நம் பக்கம் திரும்பினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். கொடுமைகள் பற்றிப் புகார் மேல் புகார் போனதால் 1882-இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து புது ஆள் வரத்து இல்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, கரும்புக் காட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சான கிரியோல், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பிரெஞ்சுப் பெயர், பின்னால் ராமசாமி, வீரசாமி என்று குடும்பப் பெயர். இவர்களுக்கு மலபார்கள் என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலோர் வந்தது சோழமண்டலக் கரையிலிருந்து, பெயர் மட்டும் எதிர்க்கரையுடையது.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் பாட்டை விடவில்லை. அர்த்தம் மறந்தபோதும் உச்சரிப்பை விடவில்லை. தமிழ் எழுத்து போனதும் பிரெஞ்சு எழுத்தில் தமிழை எழுதி வைத்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த நோட்டு அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். பாரதக் கதையை விடிய விடியக் கூத்தாக ஆடுவது இன்னும் உண்டு, அதை நடத்துபவரை வர்த்தியால் என்பார்கள். நம் வாத்தியார்தான். நானும் வந்த புதிதில் ஒரு பூசாரியின் உச்சரிப்பைத் திருத்தப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடியும் தன் தாத்தா பாடியபடியே பாடினார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, ஆடு. கப்பலேறி வந்தவர்கள் பெரிய கோயில் குருக்கள் இல்லை. கூலிகள். அவர்கள் கொண்டு வந்தது தங்கள் ஊர் எல்லைச் சாமிகளை: காளி, மதுரை வீரன், முனீஸ்வரன். கரும்பாலைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டுக் கும்பிட்டார்கள். இன்று சேன்-ஆந்த்ரேயிலும் சேன்-பியேரிலும் நீங்கள் பார்க்கும் வண்ணக் கோபுரங்கள் பின்னால் எழுந்தவை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் யாரோ ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன். காய்ச்சலோ, விபத்தோ, வேண்டிக்கொண்டிருப்பார்கள். விரதமிருந்து, வெட்டி, மசாலே போட்டுச் சமைத்து, வந்தவர் யாராக இருந்தாலும் இலை போடுவார்கள். உங்களுக்குச் சாப்பிட முடியாது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, என் மனைவியும் செவ்வாய், வெள்ளி தொடமாட்டாள். ஆனால் எழுந்து வந்திருக்க வேண்டாம். சைவம் என்று சொல்லியிருந்தால் உங்கள் இலையில் சோறும் பருப்பும் கீரையும் வைத்திருப்பார்கள். தீமிதிக்கு முன்னால் 18 நாள் இதே மக்கள் மாமிசம் பக்கமே போவதில்லை. திரௌபதி அம்மனுக்கு எங்கள் புதுச்சேரிப் பக்கமும் அப்படித்தான்.

சிவப்புக் கூண்டில் இருப்பவர் சேன் எக்ஸ்பெதி. காரியத்தைத் தள்ளிப்போடாமல் உடனே முடித்துத் தருபவர் என்று பெயர். எது நம்முடையது என்று கேட்கிறீர்கள். வேளாங்கண்ணிக்கு மொட்டை போடுபவர்களையும் நாகூரில் கொடியேற்றம் பார்க்கப் போகிறவர்களையும் நீங்கள் இந்தக் கேள்வி கேட்பீர்களா? 1977-இல் எரிமலைக் குழம்பு பிதோன் சேன்-ரோஸ் ஊருக்குள் இறங்கியது. மாதா கோயில் வாசல் வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து, சுற்றி வளைத்து நின்றுவிட்டது. அந்தக் கறுத்த பாறையைத் தொட்டுக்கொண்டு நாங்கள் நின்றபோது ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம், கையில் மெழுகுவர்த்தி. என் மனைவி அவளிடமிருந்தே ஒன்று வாங்கி ஏற்றினாள். நான் கேமராவை மூடி வைத்தேன். எரிமலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் காப்பாற்ற யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை போலிருக்கிறது.

நீங்கள் தவறவிட்டது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது சந்தை. எட்டு நாளில் ஒரு தடவை கூட நீங்கள் சந்தைக்குப் போனதாகக் கடிதத்தில் இல்லை. சேன்-போலில் வெள்ளிக்கிழமை கடலோரமாகக் கூடும். அங்கே ஒரு கிழவியிடம் என் மனைவி கறிவேப்பிலையைக் காட்டி விலை கேட்டாள். தமிழில்தான் கேட்டாள், பழக்கதோஷம். கிழவி தலையை ஆட்டி, "கலுபிலே" என்றாள். இவள் மறுபடியும், "கறிவேப்பிலை." அவள் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி விரலை நீட்டி, "நோன், மதாம். கலுபிலே!" பக்கத்தில் கட்டுக்கட்டாக முருங்கைக்கீரை, அதற்கு மூருங் என்று பெயர். கொத்தமல்லி, கொத்தொமிலி. தக்காளியை மிளகாயோடு இடித்துத் தொட்டுக்கொள்ளும் ருகாய் கூட நம் ஊறுகாய்தான் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ் தெரியாது என்று சொல்லும் அந்தக் கிழவி அன்று காலை எங்களிடம் நாலைந்து தமிழ்ச் சொற்களை விற்றாள், நாங்கள் காசு கொடுத்து வாங்கி வந்தோம்.

வேடிக்கை ஒன்று. சலாஸி பள்ளத்தாக்கு முழுக்க வேலியில், மரத்தில், அருவிக்கரையில் ஒரே கொடி படர்ந்து கிடக்கும். அங்கே அதன் பெயர் ஷூஷூ. நம் சௌசௌ! நாம் கூட்டு வைப்பது காயை மட்டும். அவர்கள் கொழுந்தைக் கீரையாக வதக்குகிறார்கள், கிழங்கையும் விடுவதில்லை. முதல் முறை சாப்பிட்டபோது, இத்தனை வருடம் பாதிச் செடியைக் குப்பையில் போட்டிருக்கிறோமே என்று என் மனைவி புலம்பினாள். உங்களுக்கு அங்கே ஒரு வாரம் சாப்பாட்டுக் கவலையே வராது.

மறுபடி வருவதானால் மே முதல் அக்டோபருக்குள் வாருங்கள். எல்லா இடத்தையும் பார்க்க வேண்டாம். மஃபாத் பள்ளத்தாக்கில் லா நூவெல் என்று ஒரு ஊர். கார் போகாது, மின்கம்பம் கிடையாது. கோல் தெ பஃப் கணவாயிலிருந்து இரண்டு மணி நேர நடை. இரவு விடுதியில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பாடு. உங்கள் கணவருக்கு முழங்கால் எப்படி என்று தெரியவில்லை. ஏற்றத்தில் அவரை முன்னால் போக விடுங்கள், பின்னால் வருபவர் எப்போதும் தான் அவசரப்படுத்தப்படுவதாக நினைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் நான்தான் முன்னால்.

வனிலா. வெக்கையில் வைத்தால் காய்ந்துவிடும், கண்ணாடி பாட்டிலில் மூடி வையுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம். இதன் கொடி மெக்சிகோவிலிருந்து வந்தது. இங்கே பூத்தது, ஆனால் காய்க்கவில்லை, அதற்கான பூச்சி இந்தத் தீவில் இல்லை. 1841-இல் சேன்-சூசானில் எத்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய திரையைத் தூக்கி, கட்டை விரலால் அழுத்தி மகரந்தம் சேர்த்துக் காட்டினான். இன்றும் ஒவ்வொரு பூவுக்கும் கையால் அப்படித்தான் செய்கிறார்கள், அதுவும் பூ மலர்ந்த அன்று காலையே. உலகமே அந்த முறையால் சம்பாதித்தது, அவர் 1880-இல் ஏழையாகவே செத்தார்.

ஒரு காயை நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் கறுப்பு விதையை வழித்துப் பால் பாயசத்தில் போடுங்கள். மிச்சத் தோலைச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வையுங்கள், மாதக்கணக்கில் மணக்கும். பாயசத்தில் ஏலக்காய் மட்டும் சேர்க்காதீர்கள். நான் ஒரு தடவை சேர்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்புடன்.