பாறைக்கு அடியிலும் கோடை தெரியும்: மியூவான் கேள்வி பதில்

வியாசர்பாடியில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். காஸ்மிக் கதிர் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

பெரம்பூர்: ஆழச் சுரங்கத்தில் எண்ணும் மியூவான் கோடையில் ஏன் கூடுகிறது, சார்?

இதைப் பேசத்தான் உட்கார்ந்தேன். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான் உச்சிக் காற்றில் மோதும்போது பையான், கேயான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் பிறக்கின்றன. அவை சிதைந்தால் மியூவான் கிடைக்கும். அதற்குள் இன்னொரு அணுவில் முட்டிவிட்டால் கிடைக்காது. கோடையில் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற மேல்காற்று அடுக்கு சூடேறி அடர்த்தி குறைகிறது. முட்டுவது குறைய, சிதைவது கூடுகிறது. இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில் 1400 மீட்டர் பாறைக்கு அடியில் சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான்தான் வந்து சேரும். அதைப் பத்து வருடம் பொறுமையாக எண்ணிய போரெக்சினோ என்ற துகள் உணர்கருவி, ஏற்ற இறக்கம் சுமார் 1.4 சதவீதம் என்று கண்டது. தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் உணர்கருவியில் உச்சம் ஜனவரியில் வரும். அங்கே அப்போதுதான் கோடை.

தண்டையார்பேட்டை: அப்போ நம்ம மே மாத வெயிலிலும் கூடுமா?

பரப்பு வேறு, ஆழம் வேறு. தரையில் விழுபவை பெரும்பாலும் குறைந்த ஆற்றல் கொண்டவை. காற்று விரிந்தால் அவை பிறக்கும் உயரம் கூடும், 2.2 மைக்ரோ நொடி ஆயுள் வழியிலேயே தீரும். எண்ணிக்கை குறையத்தான் செய்யும். தவிர, நம் அட்சரேகையில் ஸ்ட்ராட்டோஸ்பியர் பருவத்துக்குப் பருவம் அவ்வளவு மாறுவதில்லை.

மூன்று பேர்: உடம்புக்குக் கெடுதலா?

இல்லை. உள்ளங்கையை நீட்டினால் நிமிடத்துக்கு நூறு போகும், பிறந்த நாளிலிருந்து.

ராயபுரம்: சூரியனின் காந்தச் செயல்பாடு கூடிக் குறையும் 11 வருடச் சுழற்சி ஆழத்தில் தெரியணுமே?

சூரியனின் காந்தப்புலம் தடுப்பது சில பத்து ஜிஇவி (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) வரையுள்ள துகள்களை. கிரான் சாசோ பாறையைத் துளைக்க மியூவானுக்கே ஆயிரம் ஜிஇவிக்கு மேல் வேண்டும். அந்த மியூவானைப் பிறப்பித்த புரோட்டானுக்கு இன்னும் பல மடங்கு. அதைச் சூரியனால் அசைக்க முடியாது.

கொருக்குப்பேட்டை: போரெக்சினோவே மியூவான் எண்ணிக்கை 3000 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையைக் கண்டதே, அண்ணே!

அறிகுறி என்றுதான் எழுதினார்கள், தம்பி. 3000 நாள் என்றால் எட்டு வருடம் சொச்சம். கையில் இருந்தது பத்து வருடத் தரவு. ஒரே ஒரு அலை! அதைச் சுழற்சி என்று நான் ஒப்ப மாட்டேன்.

ராயபுரம்: சூரியன் மேல்காற்றைச் சூடாக்கி, அது வழியா வரலாமே?

நல்ல வாதம். ஆனால் அதே வருடங்களின் காற்று வெப்பநிலையில் அந்த அலை இல்லை. அதனால்தான் இந்தப் புதிர் என்னை விடமாட்டேன் என்கிறது.

வியாசர்பாடி: உடம்புக்குக் கெடுதலா, சார்?

மேலே மூன்று பேருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

எண்ணூர்: கோடையில் கூடும் என்றீர்கள், இங்கே குறையும் என்கிறீர்கள்?

பரப்பு வேறு, ஆழம் வேறு! இரண்டாவது பதிலை நிதானமாகப் படியுங்கள்.

காசிமேடு: மியூவானின் தடம் பார்க்கும் மேகப்பெட்டியை மீன் ஐஸ் வைத்துச் செய்யலாமா, அண்ணே?

போதாது. அடித்தட்டு மைனஸ் 30 அளவுக்காவது குளிர வேண்டும். டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு)தான், கையுறை போட்டுத் தொடு. கண்ணாடித் தொட்டியின் மேல்பக்கத் துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனை, அடியில் கறுப்புத் தகடு, அதன் கீழே டிரை ஐஸ், அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் டார்ச் அடி. பத்து நிமிடம் பொறு. தூறல் மாதிரி ஆவி இறங்கும், அதற்குள் முடி கனத்தில் நேர்க்கோடு ஒன்று விழுந்து கரையும். பெரும்பாலும் அதுதான் மியூவான். நெளிந்து வளைந்தால் எலெக்ட்ரான்.