பெண்கள் உரிமை அமைப்பில் நிதி திரட்டும் தலைமைப் பொறுப்பு: ஏற்கலாமா?

தனியார் வங்கியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறீர்கள். சென்னையில் பெண்கள் உரிமைக்காக இயங்கும் ஓர் அமைப்பு, நிதி திரட்டலுக்கும் நன்கொடையாளர் தொடர்புக்கும் தலைமை தாங்க உங்களை அழைத்திருக்கிறது. ஏற்கலாமா, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வன்முறை வழக்குகளையும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களையும் கையாளும் ஒரு சிறிய அமைப்பில் இதே பொறுப்பில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஏற்கலாம். பணம் கேட்கும் கூச்சம் உங்களுக்கு வங்கியிலேயே போயிருக்கும். எந்தப் பணத்தை எந்த நிபந்தனையோடு வாங்குவது என்பதில்தான் இந்த வேலையின் சிரமம் எல்லாம் இருக்கிறது.

தையல் மிஷின் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான அமைப்பு என்றதும், கொடுக்க நினைப்பவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது தையல் மிஷின்தான். வரிசையாகச் சில மிஷின்கள், ஒரு பேனர், மேடையில் சால்வை, மறுநாள் நாளிதழில் படம். தையல் மிஷின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அடி வாங்கிக்கொண்டு, இரவில் கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கும் பெண்ணுக்கு அன்றைக்குத் தேவை ஒரு துணை. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூடவே வந்து, ‘புருஷன் பெண்டாட்டி சண்டைதானே, சமாதானமாகப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடாமல் புகாரை வாங்க வைக்கும் துணை. அந்தத் துணைக்கு மாதச் சம்பளம் வேண்டும், ஆட்டோ கட்டணம் வேண்டும். எங்கள் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். ‘சம்பளத்துக்குத் தர மாட்டோம், பயனாளிக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும்’ என்று சொல்பவரிடம், எங்கள் அமைப்பில் பயனாளிக்கு நேரடியாகப் போய்ச் சேர்வதே அந்தச் சம்பளம்தான் என்று விளக்க வேண்டும். சலிக்காமல், ஒவ்வொரு கூட்டத்திலும், அதே ஆளிடம் மறுபடியும்.

இதற்கு நான் சட்டத்தையே துணைக்கு அழைத்துக்கொள்வேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மனு வந்தால் முதல் விசாரணை பொதுவாக 3 நாட்களுக்குள் நடக்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நீதித்துறை நடுவர் முயல வேண்டும். காகிதத்தில் அப்படி. நடப்பில் சம்மன் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவகாசம் கேட்பார், நடுவர் மாறுதலாகிப் போவார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது, எங்கள் கள அலுவலருக்கு ஒரு நாள் போகிறது. ஒரு வழக்கை எடுத்து, பெயர் இல்லாமல், வாய்தா வாரியாக என்ன செலவானது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். தொழிலதிபர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடுகிறது. அவர்களுக்கும் எங்காவது ஒரு சொத்து வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும் அல்லவா!

அடுத்து வரும் கேள்வி, ‘கடைசியில் அவர்கள் சேர்ந்துவிட்டார்களா?’ அன்போடு, உண்மையான அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி இது. பணம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மனத்தில் வெற்றி என்றால் குடும்பம் மீண்டும் ஒன்றாவது. எங்களுக்கோ, அந்தப் பெண் தானே யோசித்து எடுத்த முடிவு நிலைத்தால் அது வெற்றி. சிலர் திரும்பிப் போகிறார்கள், சிலர் போவதில்லை, சிலர் போய்விட்டு மறுபடியும் எங்கள் கதவைத் தட்டுகிறார்கள். ‘எத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தீர்கள்’ என்று அறிக்கையில் ஒரு கட்டம் வைத்தால் கணிசமான தொகை தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. அந்தக் கட்டத்தை ஏற்றுக்கொண்டால், அடுத்த மாதமே எங்கள் ஆலோசகர்கள் தங்களை அறியாமல் பெண்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள் என்று இயக்குநரிடம் சொன்னேன். கட்டத்தை எடுக்கச் சொன்னோம், அவர்கள் எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. அந்த ஆண்டு ஒரு பணியிடம் காலியாகவே இருந்தது. இப்படிப்பட்ட முடிவில் உங்கள் குரலுக்கு எடை இருக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

புகைப்படத் தொல்லை தனி. ‘ஒரே ஒரு பெண்ணை நிகழ்ச்சிக்கு அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள், எங்கள் ஊழியர்களுக்கு மனம் உருகும்’ என்பார்கள். பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 228ஏ. பணியிடத் துன்புறுத்தல் சட்டத்தின் 16ஆம் பிரிவும் புகார்தாரர் விவரங்களை வெளியிடத் தடை விதிக்கிறது. சட்டம் தடுக்காத வழக்குகளில்கூட நான் அழைத்து வருவதில்லை. உதவி வாங்கிய இடத்தில் ‘வர மாட்டேன்’ என்று சொல்லும் துணிவு எல்லோருக்கும் இருக்காது. அப்படிக் கிடைக்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை. பதிலுக்கு எங்கள் வழக்கறிஞரையோ கள அலுவலரையோ பேச வைப்பேன். அவர்கள் பேச்சுக்கு யாரும் அழுவதில்லை, ஆனால் கேள்விகள் நிறைய வருகின்றன. எனக்கு அது போதும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர்., பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்ற 7ஆம் அட்டவணையில் பாலினச் சமத்துவமும் இருக்கிறது. ஆகவே சட்டம் வழிவிடுகிறது, தயங்குவது நிறுவனங்கள்தான். பெண் கல்வி, கழிப்பறை, சுய உதவிக் குழு என்றால் கை நீளும். ‘வன்முறை’ என்ற சொல்லைக் கேட்டதும் ‘கொஞ்சம் சர்ச்சைக்குரியதாக இருக்கிறதே’ என்பார்கள். மார்ச் 31 நெருங்கும்போது, செலவாகாத பணத்தை வைத்துக்கொண்டு அதே ஆட்கள் உங்களைத் தேடி அலைபேசியில் அழைப்பார்கள். அந்த நேரத்தில் கொடுப்பதற்கு ஒரு திட்டம் தயாராக இருக்கட்டும். ஆனால் நான்கு வாரத்தில் செலவழித்தே ஆக வேண்டும் என்ற பணத்தில் ஆள் நியமிக்காதீர்கள். அந்த ஆளின் ஜூன் மாதச் சம்பளத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு முடிச்சு இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பணியிடத் துன்புறுத்தல் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். பெண்களுக்காக உழைக்கும் அமைப்புகளிலிருந்தே பெரும்பாலும் அவரை எடுக்கிறார்கள். உங்கள் சக ஊழியர் ஒரு நிறுவனத்தின் குழுவில் அமர்ந்து அதன் மேலாளர் மீது வந்த புகாரை விசாரித்துக்கொண்டிருப்பார். அதே நிறுவனத்திடம் நீங்கள் நன்கொடை கேட்டுக் காத்திருப்பீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், புகார் கொடுத்த பெண் இதை அறிந்தால் என்ன நினைப்பாள்? எங்கள் அமைப்பில் குழு உறுப்பினர் பொறுப்பு, நன்கொடை இரண்டில் ஒன்றுதான். இதனால் இழந்த பணம் சிறிதல்ல. ஆனாலும் எங்களிடம் எழுதி வைத்திருக்கும் விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது அடியோடு நின்றது. நகரத்துப் பெரிய அமைப்புகள் வழியாகச் சிறு தொகை பெற்றுவந்த கிராமத்துப் பெண்கள் அமைப்புகளை இந்தக் கடைசி விதி கடுமையாகத் தாக்கியது. நிர்வாகச் செலவு என்ற பட்டியலில் வாடகை, கணக்கு எழுதும் செலவு, அறிக்கைச் செலவு, சட்டக் கட்டணம் எல்லாம் வருவதால், வழக்கு நடத்தும் அமைப்புக்கும் ஆடிட்டருக்கும் ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்கும். இன்னொன்று: அமெரிக்காவில் இருக்கும் உங்கள் நண்பர் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஊருக்கு வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் வெளிநாட்டு நிதிதான். ‘நம்ம பையன்தானே’ என்று வாங்கிப் போட்டுவிடக் கூடாது.

என் நம்பிக்கை எல்லாம் மாதாமாதம் சிறு தொகை அனுப்பும் தனிநபர்கள் மீதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், முதல் சம்பளம் வாங்கிய பெண்கள். நிபந்தனை இல்லாத பணம் இவர்களிடமிருந்துதான் வருகிறது. வாடகையும் ஆட்டோ கட்டணமும் இதில்தான் நடக்கின்றன. ஆனால் இவர்களைக் கட்டிக் காப்பது சில்லறை வேலை. மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வங்கி ஆணை தோல்வியடைந்தால் மென்மையாக நினைவூட்ட வேண்டும். 80ஜி என்று பழகிப்போன நன்கொடை வரிவிலக்குக்கு, மே 31க்குள் உரிய படிவத்தில் ஒவ்வொருவரின் பான் எண்ணோடு கணக்குக் கொடுத்து, சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ஜூலையில் கோபமான அழைப்பு வரும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவர்களுக்கு விலக்கு கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். புதிய வருமான வரி முறையில் தனிநபர்களுக்கு 80ஜி விலக்கே இல்லை. வேறு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்தப் புதிய முறையே தானாகப் பொருந்தும் என்று ஆனபிறகு, மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் முகம் காட்டும் கூட்டம் மெலிந்துவிட்டது. விட்டுப் போனவர்களைத் துரத்த நான் அதிகம் மெனக்கெடுவதில்லை.

உங்கள் வங்கி அனுபவத்தில் மூன்று விஷயங்கள் இங்கே பொன்னாக மதிக்கப்படும்: சொன்ன தேதியில் திரும்ப அழைப்பது, பேசியதைக் குறித்து வைப்பது, முகம் சுளிக்காமல் மறுப்பை ஏற்பது. மாதக் கடைசியில் இலக்கை முடிக்க வாடிக்கையாளரை நெருக்கும் பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நெருக்கி வாங்கிய நன்கொடை ஒரு முறைதான் வரும்.

சேர்வதற்கு முன் 3 ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வருவாயில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறதா, அது நின்றுபோனால் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு உண்டு, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவின் 5 ஆண்டுக் காலம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். திரட்டும் தொகையில் இத்தனை சதவீதம் என்று சம்பளம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒப்புக்கொண்டவர் அந்தக் ‘கட்டம்’ வைத்த பணத்தை வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். வழக்குப் பிரிவில் வேலை செய்பவர்களோடு ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போய் வர அனுமதி கேளுங்கள். அறங்காவலர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்த வட்டத்தில் வாய் திறந்து பணம் கேட்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அதற்குத்தானே உங்களை எடுக்கிறோம் என்பதுபோல் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்தால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.