பினாங்கில் ஒரு பகல்: கப்பல் சுற்றுலாவை வாங்கலாமா, நாமே சுற்றலாமா?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் போகிறோம். பினாங்கில் காலை 9 முதல் மாலை 5 வரை நிற்குமாம். நான், கணவர், 9 மற்றும் 12 வயதுப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ஆசைப்படுகிறார். பிள்ளைகளுக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் ஏற வேண்டும். கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, நாங்களே இறங்கிச் சுற்றுவதா? – ஈசூன் வாசகி

பதில்: ஊர் சுற்றுவதை அப்புறம் பேசலாம். முதலில் மாமியாரின் சிங்கப்பூர் விசாவை எடுத்துப் பாருங்கள். அவர் இந்தியக் கடப்பிதழில் வந்திருந்தால், அது ஒருமுறை நுழைவு விசாவா, பலமுறை நுழைவு விசாவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரினா பேயில் குடிநுழைவைத் தாண்டிக் கப்பலேறினால் அவர் சிங்கப்பூரை விட்டுப் போய்விட்டதாகக் கணக்கு. நான்காம் நாள் திரும்பி வருவது புதிய நுழைவு. ஒருமுறை விசாவோடு போனால் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டிகளோடு முகப்பில் நின்று, "மூணு நாள்ல இங்கேதானே திரும்பி வரப்போறோம்" என்று வாதாடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாதாடிப் பயனில்லை.

மலேசியாவைப் பொறுத்தவரை, 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய மின்னியல் வருகை அட்டையை மாமியாருக்காக, அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. திரும்பும்போது எஸ்ஜி வருகை அட்டை குடும்பத்தில் எல்லாருக்குமே வேண்டும். உட்லண்ட்ஸ் வழியாக ஜோகூர் போய்வந்த பழக்கத்தில் பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். நமக்கு விலக்கு தரைவழிக்கு மட்டும்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பினாங்கில் கப்பல் சுற்றுலாவை வாங்க வேண்டாம். ஃபுக்கெட் என்றால் யோசித்துச் சொல்லியிருப்பேன். அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்களைப் படகில் கரைக்கு அனுப்பும். கடிகாரமும் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. பினாங்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் வாசற்படி. வெளியே வந்தால் எதிரே விக்டோரியா மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. தேக்காவைப் போன்ற அவர்களுடைய லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். கப்பல் சுற்றுலாவில் ஒரே ஒரு அனுகூலம் உண்டு: அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது.

ஆகவே நேரக் கணக்கைக் கவனியுங்கள். 9 முதல் 5 என்றால் எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கப்பலைத் துறையில் கட்டி, குடிநுழைவு முடித்து நீங்கள் வெளியே வர 10 ஆகலாம். புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். நான் இன்னும் அரை மணி கழித்துக்கொள்வேன். மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம்.

அதனால்தான் கொடிமலை வேண்டாம் என்கிறேன். ரயில் அருமையானது, 1923இலிருந்து ஓடுகிறது. குறை ரயிலில் இல்லை, அதற்கான வரிசையிலும் ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலிலும்தான். ஒரு விடுமுறை நாளில் பன்னிரண்டு பேரை மலைக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பும்போது சந்தைப் பக்கத்தில் வண்டி அசையவே இல்லை. கடைசியில் துறைமுக வாசலில் இறங்கி ஓடினோம். குழுவிலிருந்த ஓர் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். ஏறிப் பத்து நிமிடத்தில் ஏணிப்பாலத்தை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒருநாள் கப்பல் பயணிகளை நான் மலைக்கு அழைத்துப்போவதில்லை. பிள்ளைகளிடம், இன்னொரு முறை விமானத்தில் வந்து இரண்டு நாள் தங்குவோம் என்று சொல்லிவிடுங்கள்.

மாமியாரின் ஆசையைப் பாதி நிறைவேற்றலாம். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். அந்த முழங்காலோடு நினைக்கவே வேண்டாம். ஆனால் அதே சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு நகருக்குள்ளிருந்து வெள்ளி ரதம் வந்து சேர்வது அங்கேதான். இறங்கியதும் நேராக கிராப் வாடகைக் கார் பிடித்து அங்கே போங்கள். நம் கிராப் செயலியே அங்கும் வேலை செய்யும். மலை அடிவாரத்தில் நின்றும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினொன்றரைக்குள் நகருக்குத் திரும்பி குவீன் தெரு மாரியம்மனைப் பார்த்துவிடுங்கள். 1833இல் எழுந்த கோயில். கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள், அதனால்தான் இந்த அவசரம்.

அதன்பிறகு அவசரமே வேண்டாம். பிட் தெருவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் எழுப்பியது. பிள்ளைகளுக்கு ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் அக்கா தம்பி ஓவியம். சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம். படமெடுக்க வரிசை நிற்கும், அது உங்கள் பாடு. மாமியாரை நடக்கவிடாமல் ஒரு திரிஷாவில் உட்கார வையுங்கள். சிங்கப்பூரில் ஓட்டுநர் பக்கத்தில் மிதிப்பார். பினாங்கில் பின்னாலிருந்து மிதிப்பார். முன்னிருக்கையில் இருப்பவருக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் எதுவுமே இருக்காது. என் அம்மா முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அப்புறம் இறங்க மனமில்லை. ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பாதீர்கள். நாசி கண்டார் சாப்பிடாமல் வந்தால் பினாங்கு போனதாகவே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலச் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. 'கண்டார்' என்பதே அந்தக் காவடித் தடிதான். சோற்றைத் தட்டில் போட்டதும், கோழியையும் வெண்டைக்காயையும் காட்டிவிட்டு, "குவா சம்பூர்" என்று சொல்லுங்கள். நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். மாமியார் சைவம் என்றால் பினாங்கு தெருவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்.

காசுக்குக் கவலை இல்லை. 2023இலிருந்து கைப்பேசியில் பணம் கட்டும் நம் நெட்ஸ் கியூஆரும் அவர்களுடைய டூயிட்நௌவும் இணைந்திருக்கின்றன; திரிஷாவுக்கும் சின்னக் கடைகளுக்கும் மட்டும் தேக்காவிலேயே கொஞ்சம் ரிங்கிட் மாற்றிக்கொள்ளுங்கள். கடலில் இருக்கும்வரை கைப்பேசியை விமான நிலையில் வைத்திருங்கள். கப்பலின் துணைக்கோள் வலைப்பின்னலில் தவறி ஒட்டிக்கொண்டால் பில் வெள்ளிக் (டாலர்) கணக்கில் ஏறும்.

வாங்கி வர ஜாதிக்காய் நல்லது. ஊறவைத்தது, தைலம் என்று பல வடிவில் விற்பார்கள். உங்கள் கணவர் மதுப்புட்டி ஏதாவது வாங்கலாமா என்று கேட்டால், மலேசியாவிலிருந்து திரும்புவோருக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிச் சலுகை கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.